ஸ்ட்ரெச்சரில் கிடந்தவருக்கு நாற்பத்திரண்டு கிலோமீட்டர்

1

ஓய்வூதியக்காரர்களின் வரிசை வாசல் வரைக்கும் நீண்டிருந்த ஒரு காலையில், வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த எனக்கு ஃபோனில் ஒரு படம் வந்தது. அனுப்பியது என் கணவர் வேலை பார்க்கும், புனேக்குப் பக்கத்துச் சாகண் தொழிற்சாலையின் குடும்பக் குழு. வழக்கமாகப் பண்டிகை வாழ்த்தும் ரத்ததான முகாம் அறிவிப்பும்தான் அதில் வரும். அப்படி ஏதோ என்று நினைத்துத்தான் திறந்தேன்.

படத்தில் என் கணவர் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். கண் மூடியிருந்தது, வாய் பாதி திறந்திருந்தது. உதட்டோரம் வெள்ளையாகக் காய்ந்த உப்பு. பனியனில் குத்திய எண் துணி ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. போன வருட டிசம்பர் ஓட்டத்தில் எடுத்த படம். எடுத்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் அப்படிக் கிடக்கும்போது ஒருவன் கைபேசியை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறான் என்பது மட்டும் தெரிகிறது.

படத்துக்கு மேலே மராத்தியில் கொட்டை எழுத்தில் ‘படலோ, உட்லோ, தாவ்லோ’ என்று போட்டிருந்தது. விழுந்தேன், எழுந்தேன், ஓடினேன். அதற்குக் கீழே ஆங்கிலத்தில்: செல்வராஜ், தயாரிப்புப் பிரிவு. இந்த வருட இலக்கு: 42 கிலோமீட்டர்.

கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்ற பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று மராத்தியில் கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் படத்தை அவர் பக்கம் திருப்பி, “என் வீட்டுக்காரர்” என்றேன். பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

“கேலே கா?” என்றார் மெதுவாக. போய்விட்டாரா? நம் ஊரைப் போலவே இங்கேயும் அந்த ஒரு சொல்லில் எல்லாம் அடங்கும்.

“ஆபீசுக்குப் போயிருக்கிறார்” என்றேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான் புரியவில்லை. சிறுநீரகம் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு மனிதரை, அவரிடமோ அவர் பெண்டாட்டியிடமோ ஒரு வார்த்தை கேட்காமல், எல்லோருக்கும் உற்சாகமூட்டும் படமாக்கி, போன தடவை அவரைக் கீழே தள்ளிய தூரத்தைப்போல இரண்டு மடங்கு ஓடு என்று சொல்கிறார்கள். பெரியவரின் பாஸ்புக்கைத் தலைகீழாக இயந்திரத்தில் செருகினேன்.

2

புலம்பெயர்ந்தவர்கள் என்றால் கோயம்புத்தூரில் இருக்கும் உங்களுக்கு துபாயும் டொரண்டோவும்தான் ஞாபகம் வரும். புனே என்றால், “இதா இருக்குது, ஒரு ரயில்ல ஏறுனா ஆச்சு” என்பீர்கள். உண்மைதான். விசா கிடையாது, பணமும் அதே பணம். ஆனால் கேஸ் இணைப்பை மாற்றுவதில் தொடங்கி மகளின் பள்ளிச் சான்றிதழ் வரைக்கும் ஒவ்வொரு ஜன்னலிலும் நான் வெளியாள்தான். முகவரிச் சான்று கேட்பார்கள். கொடுத்தால், அதில் அப்பா பெயர் எங்கே, குடும்பப் பெயர் எங்கே என்பார்கள். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்று சொன்னால் என்னை ஏதோ சந்தேகக் கேஸ் போலப் பார்ப்பார்கள்.

என் மராத்தி என் கணவர் தொழிற்சாலையில் கற்றுவந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தது. பல மாதம் கழித்துத்தான் மகள் இனியா சொன்னாள்: “அம்மா, நீ ‘போல்தோ’ சொல்றே. அது பாய்ஸ் சொல்றது. லேடீஸ்னா ‘போல்தே’.” பேசுகிறேன் என்பதற்கு மராத்தியில் ஆணுக்கு ஒரு சொல், பெண்ணுக்கு ஒரு சொல். அதாவது இந்த ஊர் முழுக்க நான் ஆண்பிள்ளையாகவே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். வங்கியில் ஒருவரும் திருத்தவில்லை. மேலாளர் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்ததாக இப்போது தோன்றுகிறது.

நாங்கள் இருப்பது புனேயில் வாகட் என்ற பகுதியில் ஒரு பெரிய அடுக்ககம். கட்டடங்களைச் சுற்றி ஓர் உள்சாலை ஓடும். ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டுக்கு வந்துவிட்டது என்று மருத்துவர் எச்சரித்த பிறகு நான் அதில் நடக்க ஆரம்பித்தேன். பிறகு இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவே ஓடுவது, அடுத்த இரண்டுக்கு நடப்பது. நாற்பத்தாறு வயதில், பள்ளிக்கூடத்துக்குப் பிறகு முதல் முறையாக ஓடும் ஒரு பொம்பளைக்கு அதுவே பெரிது. தீபாவளிக்குள் நிற்காமல் மூன்று கிலோமீட்டர். இதுதான் நான் எனக்கு வைத்துக்கொண்ட இலக்கு.

காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு, சிங்காநல்லூரில் இருக்கும் என் தங்கை கவிதாவுடன் பேசிக்கொண்டே ஓடுவேன். “அக்கா, இழுக்குது உனக்கு, மெதுவாப் போ” என்று அவள் சொன்னால் வேகத்தைக் குறைத்துவிடுவேன். ஒரு முழு வாக்கியம் பேச முடியாத வேகம் எனக்கு உதவாத வேகம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தமிழில் வாய் நிறையப் பேசக் கிடைப்பதும் அந்த நேரத்தில்தான். வீட்டில் நான் தமிழில் கேட்டால் மகள் பாதிக்கு மேல் ஹிந்தியில் பதில் சொல்லுவாள்.

போன வருடம், தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் மூன்று கிலோமீட்டரை ஓடி முடித்தேன். யாரும் கைதட்டவில்லை. கவிதா மட்டும் ஃபோனில் “அப்பிடிப் போடு!” என்றாள். அது போதுமாக இருந்தது.

3

அதே சமயத்தில்தான் என் கணவரின் தொழிற்சாலையில் உடல்நல இயக்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். மேற்பார்வைப் பொறுப்பில் இருக்கும் அத்தனை பேரும் டிசம்பர் ஓட்டத்தில் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட வேண்டும். கட்டாயமா என்று கேட்டால் இல்லை என்பார்கள். ஆனால் ஓடுகிறவர்களின் பெயரைச் சாப்பாட்டுக்கூட வாசலில் பச்சையிலும், ஓடாதவர்களின் பெயரைச் சிவப்பிலும் எழுதி ஒட்டுவார்கள். அந்தச் சிவப்பைத் தாண்டித்தான் தினமும் சோற்றுத் தட்டை எடுக்க வேண்டும். இதற்கு என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்கள்.

என் கணவருக்கு அப்போது நாற்பத்தெட்டு. ஷிப்ட் மாறி மாறித் தூங்கி, கேன்டீன் வடாபாவைத் தின்று, பேருந்தில் உட்கார்ந்தே வயதை ஓட்டிய உடம்பு. ஓடியே பழக்கமில்லாத ஆளை சில வாரங்களில் இருபத்தொரு கிலோமீட்டருக்குத் தயார் செய்கிறோம் என்று ஒரு பயிற்சியாளரைக் கூட்டிவந்தார்கள். நிகில் என்று பெயர். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். கல்லில் செதுக்கியது போன்ற கால்கள். தன் உடம்பைப் போலவேதான் ஊரிலுள்ள எல்லா உடம்பும் என்று அவன் நம்பினான்.

ஞாயிறு காலைகளில் வாகட் பக்கத்து ஆட்களை எங்கள் அடுக்கக வாசலில் கூட்டுவான். ஒருநாள் நான் ஃபோனில் பேசிக்கொண்டே ஓடுவதைப் பார்த்துவிட்டு, “ஆன்ட்டி, பேச முடியுதுன்னா நீங்க ஓடலைன்னு அர்த்தம்” என்று ஹிந்தியில் சொன்னான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களோடு என் கணவரும் சிரித்தார். அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஓட்டத்துக்கு முன்னால் தொழிற்சாலையில் மருத்துவ முகாம் வைத்தார்கள். ஷிப்ட் முடிந்து பேருந்து கிளம்புவதற்குள் அத்தனை பேரையும் பார்த்து முடித்தாக வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே மராத்தியில் கேட்டாராம்: “தம் லாக்தோ கா?”

மராத்தியில் அதற்கு அர்த்தம், மூச்சு வாங்குகிறதா என்பது. நம் ஊரில் தம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஹிந்தியில் தம் இழுப்பது என்றாலும் புகைதான். வாழ்நாளில் பீடி சிகரெட்டைத் தொடாத என் கணவர் நிமிர்ந்து நின்று, “கபி நஹி, சார்!” என்று சொல்லியிருக்கிறார். ஒருக்காலும் கிடையாது! அடுத்த ஆள். தகுதி முத்திரை குத்தியாகிவிட்டது.

அந்த நாட்களில் எங்கள் வீட்டு மாடிப்படியில் நான்காவது மாடிக்கு வருவதற்குள் அவருக்கு இரண்டு தடவை நிற்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து, “நீ சிகரெட் குடிப்பியானு கேட்டாங்க மலர், இல்லவே இல்லைன்னு சொல்லிட்டேன்” என்று அவர் பெருமையாகச் சொன்னபோது எனக்கும் சந்தேகம் வரவில்லை. பின்னால், ஆஸ்பத்திரியில் அதே கேள்வியை நர்ஸ் கேட்டபோதுதான் இனியா எங்களுக்கு அர்த்தம் சொன்னாள். மொழி தெரியாதது எங்கள் குறை என்பீர்கள். இருக்கட்டும். ஒரு மனிதரை நாலு படி ஏறச் சொல்லிப் பார்த்திருந்தால் எந்த மொழியும் தேவைப்பட்டிருக்காதே!

4

பயிற்சி தொடங்கிச் சில வாரத்தில் அவருக்கு முட்டி வீங்கியது. ஞாயிறுக்கு ஞாயிறு தூரத்தைக் கண்டபடி ஏற்றினால் வீங்காமல் என்ன செய்யும்? நிகிலிடம் சொன்னதற்கு, “வலி மூளையில் இருக்கு சார், காலில் இல்லை” என்றான். ஓடுவதற்கு முன் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்ளவும் சொன்னான்.

“ஏனுங்க, முட்டி இப்பிடி இருக்கையில ஓடோணுமாங்க? அஞ்சு கிலோமீட்டர் பிரிவு ஒண்ணு இருக்குதல்ல, அதுல பேரக் குடுங்க” என்றேன்.

“அஞ்சு கிலோமீட்டர்ல ஓடறது கிளார்க்குங்க மலர். நான் மேனேஜர் வேலைக்கு எழுதிக் கொடுத்திருக்கற ஆளு. நீ சும்மா இரு.”

இப்படித்தான் ஒரு முட்டிக்கும் ஒரு பதவிக்கும் முடிச்சுப் போட்டார்கள். முடிச்சைப் போட்டவர்கள் யாரும் அன்று ஓடவில்லை. மேடையில் சால்வை போர்த்திக்கொண்டு கொடி அசைத்தார்கள்.

ஓட்டத்தன்று நானும் இனியாவும் முடிவிடத்தில் காத்திருந்தோம். காலையில் நல்ல குளிர். பிறகு சாகண் சாலையில் வெயில் ஏறியது. இளசுகள் எல்லாம் வந்து, பதக்கத்தைக் கடித்தபடி படம் எடுத்து, அவல் போஹா தின்று, கிளம்பியும் போய்விட்டார்கள். இவரைக் காணோம். தேடிக்கொண்டு போனால், பாதைநெடுக தண்ணீர் மேசைகளை மடக்கி டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்களே என்றேன். “நேரம் முடிஞ்சது தாயி” என்றான் ஒருவன். மராத்தியில் தாயி என்றால் அக்கா. யாருக்கு முடிந்தது? வேகமாக ஓடுகிறவன் வெயில் ஏறுமுன் முடித்துவிடுவான், வெயிலில் மாட்டிக்கொள்ளும் மெதுவாக ஓடுகிறவனுக்குத்தான் தண்ணீர் வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள என்ன பெரிய படிப்பு வேண்டும்?

ஒரு மேம்பால ஏற்றத்தின் அடியில் கூட்டம். நடுவில் அவர். என்னைப் பார்த்து, “பஸ் போயிருச்சா?” என்று கேட்டார். ஷிப்ட் பேருந்தைக் கேட்கிறார். தான் எங்கே இருக்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. ஆம்புலன்ஸ்காரரிடம் எனக்கு ஒரு மராத்தி வார்த்தைகூட வாயில் வரவில்லை. இனியாதான் பேசினாள். வயது பதினைந்து. அழுதுகொண்டே, ஆனால் ஒரு சொல்லும் தடுமாறாமல், அப்பாவின் வயது, என்ன மாத்திரை போட்டார், எப்போது ஓட ஆரம்பித்தார் என்று எல்லாம் சொன்னாள். தமிழ் தெரியாமல் போகிறாளே என்று நான் தினமும் கரித்துக்கொட்டிய பிள்ளை. அன்று அவளுடைய மராத்தி இல்லாவிட்டால் நாங்கள் அந்தப் பாலத்தடியிலேயே நின்றிருப்போம்.

உடம்பில் நீர் வற்றி, தசை சிதைந்து, அதன்மேல் வலி மாத்திரையும் சேர்ந்து சிறுநீரகத்தை அடித்துவிட்டது என்றார் மருத்துவர். சிறுநீர் தேநீர் நிறத்தில் போனது. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் ஒவ்வொரு காலையும் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை நான் வராந்தாவில் நின்றுகொண்டே இருப்பேன். உட்கார்ந்தால் கெட்ட செய்தி வந்துவிடும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். நல்லவேளை, மெல்ல மெல்லத் தேறினார். இனி அந்த வலி மாத்திரைகளைத் தொடவே கூடாது, முதலில் நடை, பிறகு ஒரு வருடம் போகட்டும், அப்புறம் ஓட்டத்தைப் பற்றிப் பேசலாம் என்று அனுப்பினார்கள்.

தொழிற்சாலையிலிருந்து பூங்கொத்து வந்தது. நிகில் ஓட்டக் குழுவில் எழுதியிருந்தான்: “மனதைத் தளரவிட்டால் உடல் தளரும். இது எல்லோருக்கும் பாடம்.”

5

ஆகவே, இந்த வருடம் அந்தப் படம் வந்தபோது நான் எவ்வளவு கொதித்திருப்பேன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மாலையில் அவர் வந்ததும் ஃபோனை நீட்டினேன். “ஏனுங்க, இது உங்களுக்குத் தெரியுமா?”

அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே, “பாத்தேன்” என்றார்.

“பாத்தேன்னா?”

“ஷில்பா மேடம் கூப்பிட்டுச் சொன்னாங்க. எல்லாருக்கும் இன்ஸ்பிரேஷனா இருக்குமாம்.”

“நாப்பத்திரண்டு ஓடறேன்னு நீங்க சொன்னீங்களா?”

“நான் ஒண்ணும் சொல்லலை. அவங்களே போட்டுட்டாங்க. ஓட்டத்துக்கு இன்னும் நாளிருக்குது, அப்பப் பாத்துக்கலாம்.”

“பேர எடுக்கச் சொல்லுங்க.”

அவர் ஷூவைச் சுவரோரம் ஒதுக்கி வைத்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “எடுக்கோணும்னா ‘அன்ஃபிட்’னு டாக்டர் சர்டிபிகேட் குடுக்கோணும் மலர். அது என்ற பைல்ல போயிரும். அன்ஃபிட் ஆளுக்கு யாரு மேனேஜர் வேலை குடுப்பாங்க?”

மறுநாள் நானே மனிதவளப் பிரிவுக்கு ஃபோன் செய்தேன். ஷில்பா மேடம் அந்தப் பிரிவின் தலைவி. குரலில் தேன் வழியும். பணியாளர் அல்லாதவரிடம் இதைப் பேச விதி இல்லை என்றார். குடும்பக் குழு என்று ஒன்றை நடத்துகிறீர்களே, அதில் படம் போட மட்டும் விதி இருக்கிறதா என்று கேட்டேன். அதற்கு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். ‘உங்கள் உற்சாகத்துக்கு நன்றி’ என்று தானாகவே ஒரு பதில் வந்தது. இரண்டாவது முறை அனுப்பினேன். அதே நன்றி.

மருத்துவரிடம் போய், ஐந்து கிலோமீட்டர் நடை ஓட்டத்துக்குத் தகுதி என்று கடிதம் கேட்டு வாங்கிக் கொடுத்தனுப்பினேன். மனிதவளப் பிரிவில் அதை வாங்கவில்லை. அவர்களிடம் இரண்டே கட்டம்தான் உண்டாம். தகுதி, தகுதியின்மை. ‘இந்த அளவுக்குத் தகுதி’ என்று ஒரு மூன்றாவது கட்டம் அவர்களுக்கு ஏன் தோன்றவில்லை? உலகத்தில் பாதிப் பேர் அந்த மூன்றாவது கட்டத்தில்தானே இருக்கிறோம்!

“அக்கா, நீ நேர்ல போயிக் கேளு” என்றாள் கவிதா, மறுநாள் காலை ஓட்டத்தில். அன்று நான் ஓடவே இல்லை. நின்ற இடத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

6

அந்த மாதக் கடைசி ஞாயிறு, தொழிற்சாலைப் புல்வெளியில் குடும்ப நாள். பந்தல், பலூன், குழந்தைகளுக்குப் பஞ்சுமிட்டாய். ஒவ்வொருவராக மேடைக்குப் போய், தன் இலக்கை மைக்கில் உரக்கச் சொல்லி, ஒரு சட்டையை வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும். மேடைக்குப் பின்னால் ஆள் உயரத்தைப்போல இரண்டு மடங்கில் அந்த ஸ்ட்ரெச்சர் படம். பஞ்சுமிட்டாய் தின்றுகொண்டிருந்த ஒரு குழந்தை தன் அம்மாவிடம், “இந்த அங்கிள் செத்துட்டாரா?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. அந்த அங்கிள் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். கைதட்டல் பலமாக எழுந்தது. நிகில் விசில் அடித்தான். அவர் மேடையேறி மைக்கைப் பிடித்தார். பின்னால் அவரே பிணம் மாதிரி கிடக்கிறார், முன்னால் அவரே நிற்கிறார்.

“சொல்லுங்க செல்வராஜ் சார், எத்தனை?” என்றார் ஷில்பா மேடம்.

அவர் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. என்னைத் தேடினார் என்று நினைக்கிறேன். எழுந்தேன். இனியா என் புடவையைப் பிடித்து இழுத்து, “அம்மா, நகோ, ப்ளீஸ், போகாதே” என்றாள். போனேன். மைக்கை அவர் கையிலிருந்து வாங்கினேன்.

“மீ போல்தோ” என்று ஆரம்பித்தேன். ஆண்பிள்ளையின் மராத்தி. கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த மராத்தியும் ஹிந்தியும் கலந்து பேசினேன்.

“இந்தப் படத்தில் இருப்பவரின் மனைவி நான். அன்று இவர் எழுந்து ஓடவில்லை. ஆம்புலன்ஸில் போனார். ‘தாவ்லோ’ என்று நீங்கள் எழுதியிருப்பது பொய். முட்டி வீங்கியபோது மாத்திரை போடச் சொன்னீர்கள். தாகம் எடுத்தபோது தண்ணீர் மேசையை மடக்கினீர்கள். இப்போது நாற்பத்திரண்டு என்கிறீர்கள். இவரால் இன்று முடிவது ஐந்து. அதுவும் பாதி நடந்து, பாதி ஓடி. அதற்கு வெட்கப்பட எங்களுக்கு ஒன்றுமில்லை.”

ஷில்பா மேடம் சிரித்த முகத்தோடு மைக்குக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

“இங்கே எத்தனை பேருக்கு இப்போது முட்டியோ முதுகோ குதிகாலோ வலிக்கிறது? கையைத் தூக்குங்கள்.”

ஒரு கையும் எழவில்லை. எழுமா? முதலாளிகள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சரி, அவமானப்பட்டு இறங்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். அப்போது நான்காவது வரிசையில் பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண் கையைத் தூக்கினாள். கைகாட்டியது தன்னை அல்ல. பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷனை. அவன் அவள் கையைப் பிடித்துக் கீழே இழுத்தான். அவள் மற்றக் கையைத் தூக்கினாள். பிறகு இன்னொருத்தி. அவள் புருஷனின் காலையே பிடித்துத் தூக்கிக் காட்டினாள், கணுக்காலில் கட்டுப் போட்டிருந்தது. அங்கங்கே சிரிப்பு எழுந்தது. பந்தல் முழுக்கப் பெண்களின் கைகள் எழ எழ அந்தச் சிரிப்பு அடங்கிப்போனது. வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

நிகிலைப் பார்த்தேன். அவன் விசில் அடித்த விரல்களை இன்னும் வாய்க்கு அருகிலேயே வைத்திருந்தான்.

“எண்ணிக்கொள்ளுங்கள்” என்று ஷில்பா மேடத்திடம் மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

7

நான் பேசினேன், உலகம் திருந்தியது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

படத்தை அன்று மாலையே எடுத்துவிட்டார்கள். சாப்பாட்டுக்கூட வாசலில் இருந்த சிவப்புப் பட்டியலும் போய்விட்டது. ஐந்து, பத்து கிலோமீட்டர் பிரிவுகளை மேற்பார்வையாளர்களுக்கும் திறந்துவிட்டார்கள். நிகில் இன்னும் இருக்கிறான். மன்னிப்பு என்று ஒரு சொல் யாரிடமிருந்தும் வரவில்லை. மேனேஜர் பதவி வேறொருவருக்குப் போனது. காரணம் கேட்டதற்கு, அந்த வேலைக்கு வேறு தகுதி தேவைப்பட்டது என்றார்களாம்.

அவர் பல நாள் என்னுடன் முகம் கொடுத்துப் பேசவில்லை. “என்ற வாயில வரவேண்டியத நீ பேசிட்டே. இனி அங்க என்னை எல்லாரும் பொண்டாட்டிக்குப் பின்னால நிக்கறவன்னுதான் பாப்பாங்க” என்றார். எனக்கும் கோபம் வந்தது. “உங்க வாயில வர்ற வரைக்கும் உங்க சிறுநீரகம் காத்திருக்குமாங்க?” என்றேன். ஆனால் அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்பது பிறகு என்னை உறுத்தியது. அந்த மேடையில் அவர் இலக்கை அவர் சொல்ல விடாமல் அவர்கள் சொன்னார்கள். அப்புறம் நான் சொன்னேன். அதனால் ஒரு காலையில் அவர் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது எவ்வளவு தூரம் என்று நான் கேட்கவில்லை. வியர்த்து வந்து உட்கார்ந்து, “கேட்டு வரைக்கும் போயிட்டு வந்தேன். முட்டி ஒண்ணும் சொல்லலை” என்று அவரே சொன்னார். அதற்கடுத்த வாரம், பத்து கிலோமீட்டரை நினைத்துப் பார்க்கவே இன்னும் ஒரு வருடம் போகட்டும் என்றார். அவர் வாயிலிருந்தே வந்தது.

இனியாவுக்குத்தான் அவமானம் தாங்கவில்லை. யாரோ அதைக் காணொளியாக எடுத்துப் பரப்ப, பள்ளி வரைக்கும் போய்விட்டது. “எனக்கு லாஜ் வந்துச்சு அம்மா. எல்லாரும் ‘மீ போல்தோ ஆன்ட்டி’ங்கறாங்க” என்று அழுதாள். லாஜ் என்றால் வெட்கம். அவளைச் சமாதானப்படுத்த நான் முயலவில்லை. என்னால் அவள் வெட்கப்பட்டது உண்மை. வேறு வழி இல்லாததும் உண்மை.

போன வாரம் வங்கியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. மராத்தி பேசும் பெண். ஊரின் இன்னொரு பக்கம், விஷ்ராந்த்வாடியிலிருந்து பேசுகிறாளாம். நான்காவது வரிசையில், பச்சைப் புடவையில் இருந்தது அவள்தானாம். குடும்பக் குழுவிலிருந்து என் எண்ணை எடுத்திருக்கிறாள். அவள் புருஷனும் இருபத்தொன்றிலிருந்து பெயரை எடுத்துவிட்டாராம்.

“தாயி, அவரை முதல்ல எவ்வளவு ஓடச் சொல்லட்டும்? ஒரு நம்பர் சொல்லுங்க” என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள்மேல் அல்ல. எங்கள் எல்லோரையும் இப்படி நம்பர் கேட்கும்படி பழக்கியவர்கள்மேல்.

“நம்பர் அப்புறம். அவருக்கு எங்கெங்கே வலிக்குது?”

“முட்டின்னு நினைக்கிறேன்” என்றாள். “சரியாக் கேட்டதில்லை தாயி.”

“ஃபோனை வெச்சிடாதீங்க. இப்பவே கேளுங்க.”

அவள் உள்ளே போகும் காலடி கேட்டது. டிவியை அணைத்தாள். அவள் கேட்டதும், ஓர் ஆண்குரல் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று இரண்டு தடவை சொன்னது. அவள் மறுபடி கேட்டாள். நாற்காலி ஒன்று இழுபடும் சத்தம். பிறகு அந்த மனிதர் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். முதலில் முட்டி. அப்புறம் இடது குதிகால். அப்புறம் இடுப்பு. அப்புறம், காலையில் பேருந்துக்கு நடக்கும்போது நெஞ்சில் ஏதோ ஒன்று, சொன்னால் நீ பயப்படுவாய் என்று சொல்லவில்லை என்றார்.

செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டேன். “ஓட்டமெல்லாம் இருக்கட்டும்” என்று ஃபோனில் கத்தினேன். “முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க, நானும் வர்றேன்.”